மூன்று ரன் பாக்கி

சேப்பாக்கத்தில் ஒரு பொங்கல் டெஸ்டில் அவர் 97 ரன் எடுத்தார். ஏழு வருஷம் கழித்து அதே மைதானத்தில் இன்னொரு பொங்கலுக்கு 222 எடுத்தார். அந்தக் காலத்துச் சென்னை ரசிகரிடம் குண்டப்பா விஸ்வநாத் என்று பேச்செடுத்தால், இரட்டைச் சதத்தை விட்டுவிட்டு அந்த 97-ஐத்தான் சொல்வார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

1975 ஜனவரி. பட்டோடியின் அணி பெங்களூரிலும் டெல்லியிலும் வெஸ்ட் இண்டீஸிடம் தோற்று, கல்கத்தாவில் ஒன்றை மீட்டிருந்தது. அங்கும் விஸ்வநாத்தின் 139 கைகொடுத்தது. சென்னையில் தோற்றால் தொடரே போய்விடும். காயம்பட்ட காவஸ்கர் அணியில் இல்லை. ஆண்டி ராபர்ட்ஸ் ஓடிவந்து போட்ட பந்துகள் நெஞ்சுக்கும் முகத்துக்கும் எகிறின. ஹெல்மெட் இல்லாத காலம். 117 ரன்னுக்குள் எட்டு பேர் பெவிலியன் திரும்பிவிட்டார்கள்.

ஐந்தடி சொச்சம் உயரமே உள்ள மனிதர் ஒரு முனையில் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்து தப்பித்த பந்துகளை அவர் கடைசி நொடி வரை விட்டுப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி ஸ்கொயர் கட் அடித்தார். பிஷன் பேடி துணை நிற்க, ஒன்பதாவது விக்கெட்டுக்கு 52 ரன் சேர்ந்தது. அடுத்து வந்தவர் சந்திரசேகர். டெஸ்டில் 242 விக்கெட் எடுத்து, மொத்தமே 167 ரன் சேர்த்த புண்ணியவான்! அவரை வைத்துக்கொண்டும் 21 ரன் வந்தது. பிறகு சந்திரசேகர் அவுட். இந்தியா 190, அதில் பாதிக்கு மேல் விஸ்வநாத்துடையது. ராபர்ட்ஸுக்கு ஏழு விக்கெட். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி. இரண்டாவது இன்னிங்ஸிலும் அவர் 46 எடுத்தார். சுழல் பந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 100 ரன் வித்தியாசத்தில் வெற்றி, தொடர் இரண்டுக்கு இரண்டு.

1982-ல் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்த 222 வேறு ரகம். யஷ்பால் சர்மாவும் அவரும் ஒரு நாள் முழுக்க விக்கெட் விழாமல் ஆடினார்கள். ஆட்டம் டிரா. ரன் கணக்கில் அது பெரிது. ஆனால் அன்று அணியின் கழுத்தில் கத்தி இருக்கவில்லை.

பத்ராவதியில் பிறந்த இவர், மைசூர் அணிக்காக ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 230 அடித்தவர். 1969-ல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் முட்டை, இரண்டாவதில் 137. அதுவரை ஒரு ராசி இருந்தது: அறிமுக டெஸ்டில் சதமடித்த இந்தியர் யாரும் இன்னொரு சதம் அடித்ததில்லை. லாலா அமர்நாத் முதல் நம்ம மதராஸ் கிருபால் சிங் வரை அதில் சிக்கினார்கள். விஸ்வநாத்தும் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்துதான் 1973-ல் பம்பாயில் அதை உடைத்தார். எதிரணியின் நெட்டை டோனி கிரெய்க் ஓடிவந்து, அவரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கித் தாலாட்டினார்.

மைத்துனர் காவஸ்கருக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுவது வழக்கம். சராசரி 41.93 என்பதைக் காட்டுவார்கள். அவர் அடித்த 14 சதங்களில் ஒன்றிலும் இந்தியா தோற்கவில்லை என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். காவஸ்கர் மறக்கவில்லை; தன் மகனுக்கு ரோஹன் ஜெய்விஷ்வா என்று பெயர் வைத்தார். அந்த விஷ்வா இவர்தான்.

1980 பம்பாய் பொன்விழா டெஸ்டில் விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்து தத்தளித்தது. பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று கேப்டனுக்குத் தோன்றியது. நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. தலைமைப் பொறுப்பு மறுபடி அவரிடம் வரவில்லை. ஏமாளித்தனம் என்றவர்களும் உண்டு. பந்து படாதவரை வெளியே அனுப்பி ஜெயித்திருந்தால் அவருக்கு இனித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

91 டெஸ்ட், 6,080 ரன். 1983 தொடக்கத்தில் கராச்சியோடு முடிந்தது. ஆறு மாதத்துக்குள் லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அந்தக் கதைக்கு அடுத்த வாரம் வருவோம்.