செம்பனையும் உயிர்ச் சமுதாயமும்

உலகில் எவ்வுயிரும் தனித்து வாழ்வதில்லை. ஒரு மரமோ ஒரு பறவையோ தனி உயிரி. ஓரிடத்தில் வாழும் அதன் இனம் முழுவதும் சேர்ந்தது உயிர்த்தொகை. பல இனங்களின் தொகைகள் கூடி ஒன்றையொன்று சார்ந்து வாழ்வது உயிர்ச் சமுதாயம். அச்சமுதாயம் மண், நீர், காற்று, ஒளி ஆகியவற்றோடு இயைந்து இயங்குவது சூழல் மண்டலம். இவை யாவும் அடங்கியது உயிர்க்கோளம். இப்படிநிலைகளை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் அறிவுலகம் இவற்றை ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை.

ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866ஆம் ஆண்டில் சூழலியல் என்னும் துறைக்குப் பெயரிட்டார். 1875இல் நிலவியல் அறிஞர் எட்வர்ட் சூயஸ் உயிர்க்கோளம் என்னும் சொல்லை வழங்கினார். கடற்சிப்பிப் படுகைகளை ஆராய்ந்த கார்ல் மோபியஸ், சிப்பி தனியே வாழவில்லை, ஒரு சமுதாயத்தின் உறுப்பாகவே வாழ்கிறது என்று 1877இல் எடுத்துரைத்தார். உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் ஒரே மண்டலமாகக் காணும் கருத்தை 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி நிறுவினார்.

இப்படிகளுள் ஒன்றை மறந்தால் யாது நேரும் என்பதற்கு நம் நாட்டுச் செம்பனையின் வரலாறே தக்க சான்றாகும்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் அதன் நான்கு கன்றுகள் சாவகத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. மலாயாவில் வணிக முறையில் அதனை முதன்முதலாக 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கொனியே பயிரிட்டார். 1960களில் ரப்பர் விலை சரியவே, பால்மரங்கள் நின்ற நிலத்திலும் புதிதாகக் காடழித்த நிலத்திலும் செம்பனை பரவியது. மரம் கடல் கடந்து வந்தது; அதன் சமுதாயமோ உடன் வரவில்லை.

செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் தோன்றும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தை அடைந்தாக வேண்டும். இப்பணியைக் காற்றே செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். ஆனால் இங்கே காய்ப்பு குறைந்தது. தீபகற்பத்தில் இலைப்பேன்கள் ஓரளவு துணைசெய்தன. சபாவில் அத்துணையும் அரிதாயிற்று. பெண்பாளைகளே மிகுந்து தோன்றும் இளமரங்களில் குறை பெரிதும் வெளிப்பட்டது. அதனால் தொழிலாளர்கள் மகரந்தத்தைத் திரட்டி, முகமாவோடு கலந்து, விரிந்த பெண்பாளைகளைத் தேடித் தேடித் தூவினர். அவர்களுள் நம் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். இயற்கையில் அறுந்துபோன ஒரு கண்ணியை மனிதக் கைகள் இவ்வாறு தாங்கி நின்றன.

மலேசியாவிலும் கேமரூனிலும் தோட்டங்களை நிர்வகித்த லெஸ்லி டேவிட்சன், அங்கே கைப்பணியின்றியே குலைகள் நிறைந்து காய்ப்பதைக் கண்டு, பூச்சிகளே காரணம் என ஐயுற்றார். அவர் முயற்சியால் 1970களின் பிற்பகுதியில் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆய்வு நடத்தி, ஒரு சிறு கூன்வண்டினை அடையாளம் காட்டினார். அவ்வண்டு ஆண்பாளையில் முட்டையிடும். அதன் புழுக்கள் மகரந்தம் உதிர்ந்த பூக்களை உண்டு வளரும். பெண்பாளையின் மணத்தால் ஈர்க்கப்பட்டு அங்குச் செல்லும் வண்டு, தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தையும் கொண்டு சேர்க்கும். பிற பயிர்களுக்குத் தீங்கு விளைக்காதென்று சோதித்தறிந்த பின்னரே, 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங் அருகே அதனை விடுவித்தனர். விரைவில் அது தீபகற்பமெங்கும் பரவியது. குலைகள் கனத்தன, பருப்பும் பெருகியது. கையால் மகரந்தம் தூவும் பணி நின்றது. அதற்குரிய கூலியும் அதனோடு நின்றது.

வண்டு வந்ததும் உறவுகள் மேலும் விரிந்தன. ஆண்பாளையில் நெளிந்த புழுக்கள் எலிகளுக்கு உணவாயின. பழத்தையும் தின்று கெடுக்கும் அவ்வெலிகளை அடக்கத் தோட்டங்களில் பெட்டிகள் அமைத்துக் கூகைகளைக் குடியேற்றினர். ஒரு கண்ணியை இணைத்தால் அடுத்த கண்ணியும் அசைகின்றது என்பது இதனால் விளங்கும்.

எனினும் செம்பனைத் தோட்டம் காடாகிவிடாது. காடு பல நூறு மர இனங்களின் சமுதாயம். தோட்டமோ ஒரே மரத்தின் தொகை. காட்டில் பல உயிர்கள் பகிர்ந்து செய்யும் பணியைத் தோட்டத்தில் மனிதனே ஏற்க வேண்டியுள்ளது. அச்சுமை பெரும்பாலும் குறைந்த கூலி பெறுவோர் தோளிலேயே விழுகின்றது.

ஒரு வண்டின் வருகை நாட்டின் பொருளியல் வரலாற்றில் இடம்பெற்றது நன்றே. அவ்வண்டு வரும்வரை அதன் பணியைத் தாம் செய்துவந்த பெயர் அறியாத கைகளையும் அவ்வரலாறு மறவாதிருத்தல் வேண்டும். உயிரினப் படிநிலைகளை வகுப்பறையில் கற்பிக்கும்போது அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளை நாம் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் பெற்றோர் உழைத்த தோட்டங்களே அதற்குரிய திறந்த நூல்.