மசில் கார் மீட்டமைப்பு

மசில் கார் மீட்டமைப்பு என்பது, 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை ஐக்கிய அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட, பெரிய வி-8 எஞ்சின் பொருத்திய இரு கதவுக் கார்களை, அவை ஆலையை விட்டு வெளிவந்தபோது இருந்த நிலைக்கோ அதற்கு நெருக்கமான நிலைக்கோ மீண்டும் கொண்டுவரும் பணியாகும். பழுதுபார்த்தல் ஓடாத காரை ஓடச் செய்வதோடு முடிந்துவிடும். மீட்டமைப்பில் காரின் உடற்கூடு, எஞ்சின், இருக்கைகள், வண்ணம் ஆகியவற்றோடு அதன் அடையாளமும் ஆவணங்களும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. இப்பணியில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் எஞ்சினையே முதலில் நோக்குவர். ஆயினும் பணத்தையும் காலத்தையும் மிகுதியாக விழுங்குவது உடற்கூட்டில் பிடித்துள்ள துருவே ஆகும். எனவே பணியின் வெற்றி, கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யப்படும் தேர்விலும் ஆய்விலும் பெரிதும் தங்கியுள்ளது.

பின்னணி

1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜிடிஓ, மசில் கார்களின் முன்னோடியாகப் பரவலாகக் கருதப்படுகிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு (சுமார் 5.4 லிட்டர்) மேற்பட்ட எஞ்சின்களைப் பொருத்தக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அப்போது விதித்திருந்தது. ஜான் டிலோரியன் உள்ளிட்ட போன்டியாக் பொறியாளர்கள், 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) எஞ்சினைத் தனி மாதிரியாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான விருப்பத் தொகுப்பாக அறிவித்து இவ்விதியைத் தவிர்த்தனர். இந்த எஞ்சின் 325 குதிரைத்திறன் கொண்டது. மூன்று கார்புரேட்டர்கள் பொருத்தினால் 348 குதிரைத்திறன் கிடைத்தது. முதல் ஆண்டில் 32,450 கார்கள் விற்பனையாயின.

இதைத் தொடர்ந்து செவ்ரொலெ செவெல் எஸ்எஸ் 396, 425 குதிரைத்திறன் கொண்ட 426 ஹெமி எஞ்சின் பொருத்திய கிரைஸ்லர் நிறுவனக் கார்கள், 1968இல் பிளைமவுத் ரோட் ரன்னர் முதலியவை வெளிவந்தன. காப்பீட்டுக் கட்டண உயர்வு, புகைக் கட்டுப்பாட்டு விதிகள், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஆகியவற்றால் இவ்வகை மறைந்தது. முதல் காலகட்டத்து ஜிடிஓவின் உற்பத்தி 1974ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றது.

மசில் கார்களில் பல, சாதாரணக் குடும்பக் காரின் அதே உடற்கூட்டில் பெரிய எஞ்சினைப் பொருத்தி உருவாக்கப்பட்டவை. இதனால் மீட்டமைப்போருக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. சாதாரணக் காரின் பாகங்கள் பலவும் இவற்றுக்குப் பொருந்தும் என்பது நன்மை. சாதாரணக் காரையே மசில் கார் போல மாற்றி விற்றுவிட முடியும் என்பது தீமை.

மீட்டமைப்பின் வகைகள்

எவ்வகை மீட்டமைப்பு என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். ஏனெனில் செலவும் காலமும் அதற்கேற்பவே அமையும்.

மூலநிலை மீட்டமைப்பு: திருகாணியின் பூச்சு, ஆலையில் இடப்பட்ட சுண்ணக்கட்டிக் குறிகள் வரை எல்லாம் அந்த ஆண்டின் தயாரிப்பை ஒத்திருக்க வேண்டும். போட்டிகளுக்கும் காட்சிகளுக்கும் உரியது. செலவு மிக்கது.

பயன்பாட்டு மீட்டமைப்பு: தோற்றம் பழையதாக இருக்கும். ஆனால் சாலையில் ஓட்டுவதே நோக்கம். தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

நவீன மாற்றமைப்பு: பழைய உடலுக்குள் புதிய எஞ்சின், வட்டு பிரேக், புதிய கியர் பெட்டி முதலியவற்றைப் பொருத்துதல்.

பாதுகாப்பு மட்டும்: மூல வண்ணமும் இருக்கைத் துணியும் பெருமளவு எஞ்சியுள்ள காரை அப்படியே பேணுதல். ஒரு கார் ஒரு முறைதான் மூலநிலையில் இருக்க முடியும் என்பதால், இத்தகைய காரைப் பிரித்துப் புதிதாக வண்ணம் பூசுவதைச் சேகரிப்பாளர்கள் பலர் விரும்புவதில்லை.

காரைத் தேர்ந்தெடுத்தல்

வாங்கக்கூடிய விலையில் கிடைப்பவற்றுள் மிகவும் முழுமையானதும் துரு மிகக் குறைந்ததுமான காரைத் தேர்ந்தெடுப்பதே பொது விதியாகும். ஓடாத எஞ்சினை எந்த நல்ல லேத் பட்டறையிலும் சீர் செய்யலாம். துருவேறிய தகட்டை வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைத்து, ஒழுங்கு செய்வதற்கு ஆகும் உழைப்பு அதனினும் பன்மடங்கு. காணாமற்போன சிறு அலங்காரப் பட்டைகளும் விளக்குச் சட்டங்களும்கூட தனித்தனியே தேடி வாங்கும்போது பெருந்தொகையாகிவிடும்.

ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவப்படுகிறது. அங்கு ஓடிய கார்களில் துரு மிகுதி. அரிசோனா போன்ற வறண்ட தென்மேற்கு மாநிலங்களின் கார்களில் தகடு நன்றாக இருக்கும். ஆனால் வெயிலால் இருக்கைகளும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும். இவ்விரண்டில் பின்னதே மீட்டமைப்புக்கு எளிது.

கீழ்க்காணும் இடங்களைக் காரைத் தூக்கி நிறுத்தி ஆய்வு செய்தல் வேண்டும்:

1. காலடித் தரைத்தகடும், பின்புறப் பெட்டியின் (டிக்கி) தரையும்.
2. பின்சக்கர வளைவுகளும், அவற்றின் பின்னுள்ள பக்கத் தகடுகளின் கீழ்ப்பகுதியும்.
3. கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்க விட்டங்கள்.
4. முன்கண்ணாடிக்கு முன்னுள்ள காற்று நுழைவுப் பகுதி. இது துருவேறினால் மழைநீர் காலடியில் ஒழுகும்.
5. பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு. வினைல் உறையிட்ட கூரையாயின், உறையின் அடியில் ஈரம் தேங்கித் துருவேறியிருக்கக்கூடும்.
6. அடிச்சட்டம்.

மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் இவ்வாய்வுக்கு உதவும். வண்ணத்தின் அடியில் பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது.

ஜிடிஓ, செவெல் முதலிய கார்களில் உடற்கூடு தனி அடிச்சட்டத்தின் மேல் அமர்ந்துள்ளது. கிரைஸ்லர் நிறுவனத்தின் மசில் கார்களிலும் போர்டு மஸ்டாங்கிலும் தனி அடிச்சட்டம் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. பின்னதில் அடித்தண்டுகளைத் துரு தின்றிருந்தால் காரின் வலிமையே குன்றிவிடும். அதைச் சீர் செய்வது தொடக்கநிலையினருக்கு உரிய வேலையன்று.

அடையாளமும் ஆவணங்களும்

மசில் காரின் விலை, அது உண்மையிலேயே அந்த மாதிரிதானா என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 1971ஆம் ஆண்டின் பிளைமவுத் ஹெமி குடா திறந்த கூரைக் கார் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்கு விற்பனையானது. சிறிய எஞ்சினோடு வந்த அதே வடிவக் காருக்கு இவ்விலையின் சிறு பகுதியே கிடைக்கும். ஆகவே போலிகளும் பெருகின.

17 இலக்க வாகன அடையாள எண் 1981ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தே பொதுவானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையைப் பின்பற்றியது. முக்கியமான சில வேறுபாடுகள் வருமாறு:

போன்டியாக்: 1964, 1965 ஆண்டுகளில் ஜிடிஓ ஒரு விருப்பத் தொகுப்பு மட்டுமே. எனவே எண்ணைக் கொண்டு அதை அடையாளம் காண இயலாது. 1966 முதல் தனி மாதிரியாகி, எண் 242 என்று தொடங்கியது.

செவ்ரொலெ: 1966 முதல் 1968 வரை செவெல் எஸ்எஸ் 396 கார்களின் எண் 138 என்று தொடங்கும். 1969 முதல் எஸ்எஸ் மீண்டும் விருப்பத் தொகுப்பானதால் எண் மட்டும் சான்றாகாது.

கிரைஸ்லர்: எண்ணின் ஐந்தாம் இடம் எஞ்சினைக் குறிக்கும். 1970, 1971 ஆண்டு மாதிரிகளில் அவ்விடத்தில் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது 426 ஹெமி ஆகும்.

எண் உதவாத இடத்தில் ஆவணங்களை நாட வேண்டும். போன்டியாக் கார்களின் ஆலைப் பட்டியல் நகல்களை போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் வழங்குகிறது. 1967 முதலான போர்டு கார்களுக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் அறிக்கை தருகிறது. ஆலையில் காரோடு சென்ற தயாரிப்புத் தாள், சில வேளைகளில் பெட்ரோல் தொட்டியின் மேலோ இருக்கையின் சுருள்களுக்கிடையிலோ இன்றும் கிடைப்பதுண்டு. ஆதலால் பழைய இருக்கைகளைக் கவனமின்றிக் கிழித்தெறியக் கூடாது.

அடையாள எண் பலகையைக் கழற்றுவதோ வேறு காருக்கு மாற்றுவதோ அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஐந்தாண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். உரிமைச் சான்று இல்லாத கார் எவ்வளவு மலிவாயினும், அதைப் பதிவு செய்ய இயலுமா என்பதை அறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

பிரித்தெடுத்தல்

கைவிடப்பட்ட மீட்டமைப்புகள் பலவும் பிரித்தெடுத்த நிலையிலேயே நின்றுபோனவை. பிரித்த கார், முழுக் காரைக் காட்டிலும் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பாகங்கள் தொலைந்துவிட்டால் அதை விற்பதும் அரிது. எனவே கீழ்க்காணும் ஒழுங்கு பரிந்துரைக்கப்படுகிறது.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, எந்த இடத்துக்குரியவை என்று எழுதி ஒட்டுதல் வேண்டும். பழைய பாகம் சிதைந்திருந்தாலும், புதியது பொருந்துகிறதா என்று பார்க்கும்வரை அதை எறியக் கூடாது. முழுக் காரையும் ஒரே மூச்சில் பிரிக்காமல் பிரேக், எஞ்சின், உள்பகுதி என்று பகுதி பகுதியாகச் செய்தால், இடைப்பட்ட காலத்திலும் கார் ஓடும் நிலையில் இருக்கும், ஆர்வமும் குன்றாது.

உடற்கூட்டு வேலை

தரைத்தகட்டையோ பக்க விட்டத்தையோ வெட்டுவதற்கு முன், கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலைத் தாங்கச் செய்வது இன்றியமையாதது. இது செய்யப்படாவிடில் உடல் வளைந்து, பின்னர் கதவுகள் பொருந்தாது. கூரை இல்லாத கார்களில் இவ்விடர் மிகுதி. புதிய தகடுகளையும் கதவுகளையும் வண்ணம் பூசுவதற்கு முன்னரே பொருத்திப் பார்த்து இடைவெளிகளைச் சரி செய்தல் வேண்டும்.

வண்ணத்தை நீக்க மணல் பீய்ச்சும் முறையைப் பெரிய தட்டைத் தகடுகளில் கையாண்டால் அவை நெளிந்துவிடும். அவற்றுக்கு வேதிப்பொருளோ மென்மையான துகள்களோ ஏற்றவை.

எஞ்சின்

நெடுங்காலம் நின்ற எஞ்சினை உடனே மின்கலம் இணைத்து முடுக்கக் கூடாது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, உருளைகளுக்குள் ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊறவைத்து, பின் கையால் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, இரப்பர் குழாய்களை மாற்றுதல் வேண்டும். இக்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய இரப்பரை அரித்துக் கசிவையும் தீயையும் உண்டாக்கக்கூடும்.

இவ்வெஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஐக்கிய அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு அத்தகைய பெட்ரோல் 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை செய்யப்பட்டது. எனவே எஞ்சினைப் பிரிக்கும்போது, கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்துவது வழக்கம்.

புதிய கேம் தண்டு பொருத்தப்பட்ட எஞ்சினை முதன்முதலாக இயக்கும்போது, துத்தநாகச் சேர்மம் மிகுந்த எண்ணெயைப் பயன்படுத்தி, நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுழற்சிகளில் 20 நிமிடங்கள் வரை ஓடவிடுவர். சும்மா மெதுவாக ஓடவிட்டால் கேம் தண்டு விரைவில் தேய்ந்துவிடும்.

பிரேக்கும் பாதுகாப்பும்

காரை ஓடச் செய்வதற்கு முன் நிற்கச் செய்தல் வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1966 வரையிலான மசில் கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான் உண்டு. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இழக்கப்படும். 1967 முதல் இரட்டைச் சுற்று வந்தது. பழைய கார்களை ஓட்ட விரும்புவோர் பலர் மூலநிலையை விட்டுக்கொடுத்து, இரட்டைச் சுற்றுக்கு மாற்றிக்கொள்கின்றனர்.

பணியாளரின் உடல்நலமும் கவனத்துக்குரியது. பழைய பிரேக் ஷூக்களின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். அதைக் காற்றால் ஊதக் கூடாது. பழைய வண்ணத்திலும் தகட்டு இணைப்புகளிலும் ஈயம் உண்டு. இருபகுதி வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைத் தாக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது. சுருள்வில்லை அதற்குரிய கருவியின்றிக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தாகும்.

செலவும் மதிப்பும்

முழு மீட்டமைப்பின் செலவு, பல கார்களில், முடிவில் கிடைக்கும் விற்பனை விலையை விஞ்சிவிடுகிறது. ஆதாயத்துக்காகவே தொடங்குவோர் ஏமாற்றமடைவது இதனால்தான். செவெல், மஸ்டாங் போன்றவற்றுக்குப் புதிதாக வார்க்கப்பட்ட தகடுகளும் உதிரிப்பாகங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. எண்ணிக்கையில் குறைந்த மாதிரிகளுக்கு அவை அரிது. ஆகவே முதன்முறையாக மீட்டமைப்போருக்கு, அரிய மாதிரியைக் காட்டிலும் பரவலான மாதிரியே ஏற்றதாகும். அரிய கார் ஒன்றில் அனுபவமின்மையால் வெட்டியெறியப்படும் மூலத் தகட்டையும் அழிக்கப்படும் ஆலைக் குறியையும் பின்னர் எந்தத் தொகை கொடுத்தும் மீட்க இயலாது.