கவலையும் மின்மோட்டாரும்: ஜி.டி. நாயுடுவின் பட்டறை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை எனப்படும் மருத்துவமனையின் மருத்துவருக்கு அளந்த நெல்லையும் காசையும் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு குறித்துவைத்திருக்கிறது. அந்த நெல்லுக்குப் பாய்ந்த நீரின் வரலாறோ கல்லில் இல்லை. ஏரி நீர் எட்டாத நிலங்களுக்குக் கிணறே கதியாக இருந்த வடதமிழகத்தில், மின்சாரம் வரும்வரை நீர் இறைத்தது கவலை எனப்படும் மாட்டு ஏற்றம். மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கத் தோல் சால் மேலேறி வாய்க்காலில் கொட்டும். அவை பின்னடி வைத்து மேடேற, வெறுஞ்சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும்.

அவ்வேலையை ஏற்ற மின்மோட்டாரை இந்நாட்டிலேயே செய்துகாட்டியவர்களுள் முதன்மையானவர், கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டித் திரிவதற்கு முன் அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு அவர் தொடங்கிய தொழில், பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் கோவைக்கு மின்சாரம் தந்தபோதும், அதைச் சுழற்சியாக மாற்றும் மோட்டார்கள் கடல் கடந்தே வந்தன. நாயுடுவும், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கிய தா. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டு மோட்டாரை உருவாக்கினர். ஜெர்மனியில் தயாரான ‘ரேசன்ட்’ மின்சவரக் கருவியே ஜி.டி. நாயுடுவின் பெயரோடு பெரிதும் பேசப்பட்டாலும், உழவரின் கணக்கில் அவருடைய தலையாய சாதனை இந்த மோட்டார்தான். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் எழக் காரணமாயிருந்த அவர், பொறியியலுக்கு நான்காண்டுப் படிப்பு வீண் என்று வாதிட்டார். பட்டறையிலேயே பாடம் படித்தவரின் அந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1974இல் அவர் மறைந்தார்.

கவலையின் இடத்தைப் பிடித்த அந்த மோட்டாரின் அசையாப் பகுதியான ஸ்டேட்டரில் ‘காயில்’ எனப்படும் செம்புக் கம்பிச் சுருள்கள் அமைந்திருக்க, அவற்றில் எழும் காந்தப்புலம் நடுவிலுள்ள ரோட்டாரைச் சுழற்றுகிறது. மின்னழுத்தம் தாழ்ந்து காயில் புகைந்துவிட்டால், உத்திரமேரூர் போன்ற ஊர்களின் மெக்கானிக் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவியெறிந்து, சுற்றுகளை எண்ணிப் புதுக் காயில் கட்டி, மோட்டாரை மறுபடி கிணற்றடிக் கொட்டகைக்கு அனுப்பிவைக்கிறார்.