அடி தேடிய அடிகள்
சிவனொளிபாத யாத்திரையிற் கால் காத்த வரலாறு

ஈழத்தின் நடுமலை நாட்டிலே 7,359 அடி உயர்ந்து விளங்குவது சிவனொளிபாத மலை. அதன் உச்சிப் பாறையிலுள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமானின் திருவடி என்பர். பௌத்தர் புத்தபிரானின் பாதம் என்பர். இசுலாமியர் ஆதம் நபியின் தடம் என்பர். ஆண்டுதோறும் திசம்பர் மாதப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை பல்லாயிரவர் அம்மலை ஏறுகின்றனர். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறிச் செல்வதே மலையகத் தமிழர் பெரும்பாலும் கைக்கொள்ளும் வழியாகும்.

திருவடியை நாடிச் செல்வோர் தம் அடிகளைப் பேணலாமா? வெறுங்காலோடு ஏறுவதே பக்தி, காலணி அணிவது குறை என்னும் எண்ணம் நம் தோட்டப்புறத்துப் பெரியோர் சிலரிடம் இன்றும் உண்டு. இவ்வெண்ணத்துக்கு வரலாறு எவ்வளவு துணை செய்கின்றது என்பதை ஆராய்தல் நமக்குப் பயன் தரும்.

முதலில் அரசர் செய்த பணிகளை நோக்குவோம். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விசயபாகு மன்னன், இம்மலைக்குச் செல்வோரின் வழித்துயரை அறிந்து, அவர்களுக்கு உணவளித்தற்பொருட்டுக் கிலிமலை என்னும் ஊரை மானியமாக விட்டான் எனச் சூளவம்சம் கூறும். அவன் செய்த அறங்களைப் பொறித்த கல்வெட்டு அம்பகமுவையிலேயே கிடைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சராகிய தேவபதிராசர், உலப்பனை, அம்பகமுவை முதலிய இடங்களிற் பாலங்கள் அமைத்து வழியைச் செப்பஞ் செய்தார். பாலமும் சோறும் தந்த இவர்கள், அடியார் படும் துன்பத்தைப் புண்ணியம் எனக் கருதினாரல்லர்; அதனைக் குறைத்தலையே அறமெனக் கொண்டனர்.

அடுத்து, நம் தமிழரசர் ஒருவர் செய்த உதவியைக் காண்போம். 1344 ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா ஈழத்தின் மேற்குக் கரையில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாதமலையைத் தரிசிக்கும் விருப்பத்தைத் தெரிவித்தார். மன்னர் அவருக்குப் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் அளித்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய நான்கு யோகியர், மூன்று அந்தணர், அரண்மனையைச் சேர்ந்த பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். வழியறிந்த துணையும் பிறர் சுமக்கும் பொதியும் யாத்திரைக்கு இன்றியமையாதவை என்பதை அம்மன்னர் நன்குணர்ந்திருந்தார் போலும். சிங்கள யாத்திரிகரும் பலமுறை மலையேறிய ஒருவரை 'நடே குரா' எனத் தலைவராகக் கொண்டு செல்லும் வழக்கமுடையர்.

இபின் பதூதா எழுதிய குறிப்புக்களுள் அட்டையைப் பற்றியது நமக்குப் புதிதன்று. நீர்நிலை அருகே மரத்திலும் புல்லிலும் இருந்து அது மனிதர்மேற் பாயும் என்றும், அவ்வூரார் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிந்து விழச் செய்வர் என்றும், கடிபட்ட இடத்தை மரக்கத்தியாற் சுரண்டுவர் என்றும் அவர் கூறுகின்றார். தேயிலை மலையில் உப்பும் சவர்க்காரமும் கொண்டு அட்டையை விலக்கும் நம்மவரின் கைம்முறை இம்மரபினதே. உச்சிக்கு அண்மையிலுள்ள குகையொன்றில் யாத்திரிகர் தம் பொருள்களை விட்டுச் சுமையின்றி ஏறினர் என்பதும், செங்குத்தான பாறைகளில் இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பதும் அவர் தரும் செய்திகள். வழியிற் புத்தபிரான் கிழிந்த ஆடையைத் தைத்தார் எனப்படும் இடத்தில் ஊசியும் நூலும் காணிக்கையிடும் பௌத்தர் வழக்கமும் இங்கே நினைத்தற்குரியது. பயணக் கருவியைப் பழுது பார்த்தலே அங்குச் சடங்காயிற்று.

அவ்வாறாயின் வெறுங்கால் மரபு எங்கிருந்து வந்தது? சந்நிதியிற் காலணி களைதல் நம் தொன்மையான வழக்கமே, அதனை மறுப்பாரிலர். ஆனால் மலையகத் தமிழரின் வெறுங்காலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுவழி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் காலணியின்றி நடந்தது நேர்த்தியாலன்று, வறுமையாலேயாம். 1884 இல் அட்டனுக்குப் புகையிரதம் வந்தது, 1914 இல் தலைமன்னாருக்கும் பாதை திறந்தது, நெடுநடை குறைந்தது. எனினும் கறுப்புக் கம்பளியைத் தலையிற் போர்த்துக் கொழுந்தெடுத்தோரின் கால்கள் வெறுங்கால்களாகவே இருந்தன.

அக்கால்களின் வழியே கொக்கிப்புழு உடலிற் புகுந்தது. மண்ணிலுள்ள இளம்புழு தோலைத் துளைத்து உட்செல்லும் என்பதை, கெய்ரோ நகரில் ஆய்வு நடத்திய லூஸ் என்னும் செருமானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார். குருதியை வற்றச் செய்து உடலை வெளிறவும் சோரவும் வைக்கும் அந்நோயை ஒழிக்க, ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களிற் பணி தொடங்கினர். சோம்பல் என்று தொழிலாளர்மேற் சுமத்தப்பட்ட பழியுட் பெரும்பகுதி இந்நோயின் விளைவே. வெறுங்காலைப் பெருமையாகப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

ஆதலின் மலையேறும் மாணவர் சில முறைகளைக் கைக்கொள்க. புதுக் காலணியை அன்றே அணிந்து புறப்படாது, முன்னரே நடந்து பழக்குக. நகங்களை நேராக வெட்டுக. இறங்கும்போது அடிபடுவது பெருவிரலே. ஈரமும் வெப்பமும் உராய்வுங் கூடியே கொப்புளத்தை உண்டாக்கும். ஆதலால் மாற்றுக் காலுறை ஒன்று பொதியில் இருத்தல் வேண்டும். கொப்புளத்தின் தோலை உரியாது, கழுவித் துணியாற் கட்டுக. விரலிடுக்கை உலர்த்தினாற் சேற்றுப்புண் அணுகாது. ஏற்றத்தினும் இறக்கமே முழங்காலுக்குக் கொடிது. ஊன்றுகோல் அச்சுமையைத் தாங்கும். உச்சியிற் குளிர் மிகுதியாதலின் கம்பளியை மறவற்க. நீரிழிவுடைய பெரியோர்க்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். அவர்கள் வெறுங்காலோடு ஏறுதல் தகாது. நடைக்குப் பின் உள்ளங்காலைப் பிறரைக் கொண்டேனும் பார்த்தல் வேண்டும்.

உச்சி முற்றத்தை அடைந்தபின் காலணியைக் களைந்து வணங்குக. ஊரை மானியமாக்கிய அரசனும், பாலமிட்ட அமைச்சரும், பல்லக்கு அளித்த ஆரியச் சக்கரவர்த்தியும் நமக்குக் காட்டிய நெறி இதுவே. அடியாரின் கால் நோவைத் தணித்தல் திருவடித் தொண்டின் ஒரு பகுதியாகும். காலணி வாங்க இயலாத ஒருவருக்கு ஒரு சோடி வாங்கிக் கொடுத்து உடன் அழைத்துச் செல்வோர் அத்தொண்டையே செய்தவராவர்.