திருவிழாவுக்கு வராத தையல் மெஷின்

காலையில மறைமலை நகர்ல ஜி.எஸ்.டி ரோட்டோரம் ஆபிஸ் பஸ்ஸுக்கு நிக்கும்போது கண்ணு முன்னாடி லாரி லாரியா போகும். நிறைய லாரிகள்ல ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போற உதிரி பாகங்கள். ஒண்ணு லேட்டானா அந்தப் பக்கம் லைன் நிக்கும். நின்ன நேரத்துக்கு யார் காசு கொடுக்குறது? இதே கேள்வி நம்ம சென்னை ஹைகோர்ட்டுக்கு எப்பவோ வந்துடுச்சு. அப்ப லேட்டா வந்தது ஒரு தையல் மெஷின்.

1898. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி எதிர் கோவிந்த ராவ். (1856-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலை விட்டாங்களே, அதே கம்பெனிதான்.) கோவிந்த ராவ் ஒரு தையல்காரர். வெளியூர்ல ஒரு திருவிழா வருது, அங்க போய் உக்காந்து தச்சா நாலு காசு பாக்கலாம்னு கணக்கு. மெஷினையும் துணியையும் ரயில்ல புக் பண்ணிட்டு, ஆளுங்களோட கிளம்பிட்டார். அவர் போய்ச் சேர்ந்துட்டார், மெஷின் சேரலை. கம்பெனி ஊழியர்களோட தப்பால தாமதம். திருவிழா முடிஞ்சு சில நாள் கழிச்சுதான் சாமான் கைக்கு வந்தது.

வராம போன லாபம், போய்த் தங்கின செலவு ரெண்டையும் கேட்டு வழக்கு போட்டார். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போச்சு. அங்க எல்லாமே ஒரே கேள்வியில வந்து நின்னுடுச்சு: இது திருவிழாவுக்குப் போற சாமான்னு புக் பண்ணும்போது சொன்னாரா? சொல்லலை. அப்படின்னா இது ரொம்ப தூரத்து நஷ்டம், கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

1872 ஒப்பந்தச் சட்டத்தோட 73-வது பிரிவு இதைத்தான் சொல்லுது. ஒப்பந்தத்தை மீறினா இயல்பா வர்ற நஷ்டத்துக்கும், வரும்னு ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு. அதுக்கு மூலம் இங்கிலாந்துல, குளோஸ்டர் நகரத்துல இருந்த ஒரு மாவு மில். மில் முதலாளிகள் ஹேட்லி சகோதரர்கள். ஸ்டீம் இஞ்சின் ஷாப்ட் உடைஞ்சு போச்சு. அதை மாதிரியா வெச்சு புதுசு செய்யறதுக்காக கிரீனிச்சுக்கு அனுப்பினாங்க, பிக்ஃபோர்ட்ஸ் கம்பெனி மூலமா. கூலி 2 பவுண்ட் 4 ஷில்லிங். பல நாள் தாமதம், மில் சும்மா கிடந்தது. கேட்டது 300 பவுண்ட். கம்பெனி ஏற்கனவே கோர்ட்ல கட்டியிருந்த 25 பவுண்டுக்கு மேல ஜூரி இன்னொரு 25 கொடுக்கச் சொன்னாங்க. பிக்ஃபோர்ட்ஸ் மேல போனாங்க. 1854-ல நீதிபதி ஆல்டர்சன், மில் நின்னு போகும்னு கம்பெனிக்குத் தெரியாது, மறுபடி விசாரிங்கன்னு சொல்லிட்டார்.

இதுல ஒரு வேடிக்கை. அந்த வழக்கோட அறிக்கையில, மில் நின்னு கிடக்கு, ஷாப்ட் உடனே போகணும்னு குமாஸ்தாகிட்ட சொன்னதாகவே எழுதியிருக்கு! தீர்ப்போ அப்படி ஒண்ணு நடக்காத மாதிரி போகுது. ரெண்டும் பொருந்தலைன்னு 1949-ல இன்னொரு இங்கிலாந்து வழக்குல நீதிபதி ஆஸ்க்வித்தே சொல்லிட்டார். சொன்னவருக்கே இந்தக் கதின்னா, சொல்லாத நம்ம தையல்காரர் எந்த மூலைக்கு?

எனக்கு விதி மேல பெரிய கோபம் இல்லை. எட்டணா கூலிக்கு மூட்டை தூக்குறவர் தலையில உலகத்து நஷ்டத்தை எல்லாம் கட்ட முடியாது. ஆனா கவுன்ட்டர்ல நின்னு "சார், இது திருவிழாவுக்கு"ன்னு எத்தனை பேருக்குச் சொல்லத் தோணும்? சொன்னாலும் யார் காதுல வாங்கியிருப்பாங்க?

இப்ப சொல்றதுக்கு ஆள் இருக்கு, ஆனா அது தையல்காரர் இல்லை. லைன் நின்னா நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு பெரிய கம்பெனி பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதிடலாம். சின்ன சப்ளையர் கையெழுத்து போடுவார். பெரிய வண்டிக்காரனைக் காப்பாத்தின அதே விதி இப்ப சின்னவர் பக்கம் திரும்பிடுச்சு. ஒரே ஆறுதல் 74-வது பிரிவு. எழுதின தொகை வெறும் உச்சவரம்பு, அதுக்குள்ள நியாயமான ஈடுதான்னு 1963-ல சுப்ரீம் கோர்ட் ஃபதே சந்த் வழக்குல சொல்லியிருக்கு. அதுக்கும் கோர்ட் வரைக்கும் போகணும். அடுத்த ஆர்டரும் அதே கம்பெனிதான் தரணும் ;-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லைங்க, பொட்டி தட்டுறவன். 73-வது பிரிவுக்குக் கீழ இருக்குற உதாரணங்களை ஒருமுறை படிச்சுப் பாருங்க. மெஷின் லேட்டா வந்து நின்னு போன ஒரு மில் அதுலயும் இருக்கு. ஆனா அந்த மில்காரர் முன்னாடியே சொல்லிட்டார்.