ஆலந்தூர்: குழி தோண்டும் முன்னாடியே காசு கட்டின ஊர்

ஆலந்தூர்னா நமக்கு மெட்ரோல ட்ரெயின் மாறுற ஸ்டேஷன், அவ்ளோதான். ஆனா 1996-ல அது தனி நகராட்சி. பாதாள சாக்கடையே கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினா லாரி, கசிஞ்சா நிலத்தடி நீர்.

அந்த வருஷம் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ்.பாரதி மக்கள்கிட்ட வில்லங்கமான ஒரு கேள்வியோட போனார்: சாக்கடை இணைப்புக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணமா கட்டுவீங்களா?

யோசிச்சுப் பாருங்க. ஒரு குழி கூட தோண்டல. அன்னைக்கு 5,000 சின்னக் காசும் இல்ல. நகராட்சியை நம்பி யாருங்க கட்டுவா? கட்டினாங்க, ஆயிரக்கணக்கான வீடுகள். குடியிருப்போர் சங்கங்கள் தெருத்தெருவா பேசினது பெரிய காரணம். எஞ்சினியர் புத்திக்கு பம்பும் பைப்பும்தான் பெருசாத் தெரியும். எனக்கு இதுல ஆச்சரியமே அந்த வசூல்தான். மீதிக்குக் கடனும் அரசுப் பணமும் வந்து, 2000-ல வேலை ஆரம்பிச்சது. கழிவுநீரைச் சுத்திகரிக்க பெருங்குடியில ஒரு நிலையமும் கட்டினாங்க.

2011-ல ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு. கேள்வி கேட்ட நகராட்சி இப்போ இல்ல. அந்தக் குழாய்கள் மெட்ரோ வாட்டர் கையில இருக்கு.