சென்னை வழக்குகளும் உச்ச நீதிமன்றமும்

உச்ச நீதிமன்றம் 1950 ஜனவரி 28 அன்று பணியைத் தொடங்கியது. அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் நீதிபதிகளின் அதிகாரம் எதுவரை என்ற கேள்வியும் அந்த ஆண்டிலேயே எழுந்தது. அதற்கு விடை தேடிய பெரும் வழக்குகளில் சில சென்னையிலிருந்து சென்றவை என்பதைப் பெருமையுடன் இம்மலரில் பதிவு செய்கிறோம்.

முதலாவது, தடுப்புக் காவலை எதிர்த்து ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கு. அவருக்காக எம்.கே.நம்பியார் வாதாடினார். சட்டம் வகுத்த நடைமுறை பின்பற்றப்பட்டால் போதும், அது நியாயமானதா என்று ஆராய வேண்டியதில்லை என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். பசல் அலி உடன்படவில்லை. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்ற நிலைக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்தது 1978இல், மேனகா காந்தி வழக்கில்தான்.

இரண்டாவது, செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951இல் தீர்ப்பானது. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் போராட்டக் களத்தில் நின்றார். அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவு பிறந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான தனி ஏற்பாடுகளுக்கு அது வழி திறந்தது.

அப்படியானால் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா? 1951இல் சங்கரி பிரசாத் வழக்கில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற நீதிமன்றம், 1967இல் கோலக்நாத் வழக்கில் 6க்கு 5 என்ற கணக்கில் மாறியது. அடிப்படை உரிமைகளில் கைவைக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பை அளித்த அமர்வின் தலைவர், சென்னையில் வழக்கறிஞராக வளர்ந்த சுப்பா ராவ். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 எனத் தீர்ப்பளித்தனர்: எந்தப் பிரிவையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது.

மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் இப்படி எல்லை வகுக்கலாமா என்ற எதிர்ப்பு இன்றும் உண்டு. அது தள்ளிவிடக்கூடிய எதிர்ப்பன்று. 1976இல், நெருக்கடி நிலையின்போது, ஆள்கொணர் மனுவுக்கே கதவடைத்தது இதே நீதிமன்றம்; எச்.ஆர்.கன்னா ஒருவரே மாறுபட்டார். ஆனால் எல்லையற்ற அதிகாரம் எவர் கையிலும் ஆபத்தே. கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தையொட்டிய கொயெலோ வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களும் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டவையே என 2007இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உறுதிசெய்தனர்.

நீதிமன்றத்தை நாடாளுமன்றமும், நாடாளுமன்றத்தை நீதிமன்றமும் திருத்தியதால்தான் நம் அரசமைப்பு நிலைத்தது. இளம் வழக்கறிஞர்களே, பெரும்பான்மைத் தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். பசல் அலியையும் கன்னாவையும் முழுமையாகப் படியுங்கள்.